பீட்டா டெஸ்டர்: வெள்ளோட்டத்துக்கு வந்தவர் யார்?

பாட்டுச் செயலி ஒன்றில் புதிய வசதி வரும்போது, ‘பீட்டா டெஸ்டர்களிடம் நல்ல வரவேற்பு’ என்ற வாசகமும் கூடவே வந்துவிடுகிறது. பொதுவில் வெளியாகுமுன் செயலியைப் பயன்படுத்திப் பார்த்துக் குறை சொல்பவர்தான் பீட்டா டெஸ்டர். அந்த டெஸ்டருக்குப் பிடித்தது வடசென்னையில் வண்ணாரப்பேட்டையிலும் வியாசர்பாடியிலும் காசிமேட்டிலும் அன்றாடம் பாட்டு கேட்பவருக்கும் பிடிக்கும் என்று கொள்ளலாமா? சொல் பிறந்த இடத்தைப் பார்த்தால் இதற்குப் பாதி விடை கிடைத்துவிடும்.

பீட்டா என்பது கிரேக்க நெடுங்கணக்கின் இரண்டாம் எழுத்து. கிரேக்கர் அதைப் பினீசியரிடமிருந்து பெற்றனர். அங்கே அந்த எழுத்தின் பெயருக்கு வீடு என்று பொருள். கணினித் துறை எடுத்துக்கொண்டது இரண்டாவது என்னும் வரிசைப் பொருளை மட்டுமே. ஐபிஎம் நிறுவனம் துளை அட்டை இயந்திரங்கள் செய்த காலத்தில், புதிய இயந்திரத்தை அறிவிக்குமுன் செய்வது ஏ சோதனை, உற்பத்திக்கு அனுப்புமுன் செய்வது பி சோதனை என்ற வழக்கம் இருந்தது. அவையே பின்னாளில் ஆல்ஃபா, பீட்டா என மென்பொருளுக்கும் வந்தன. டெஸ்ட் என்ற சொல்லோ மண்கலத்தைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. பொன்னையும் வெள்ளியையும் உருக்கி மாற்றுப் பார்க்கும் கலத்துக்கு அது முதலில் பெயராக இருந்தது. ஆக, இரண்டு சொற்களும் செய்த பொருள் பழுதில்லாமல் இருக்கிறதா என்ற கேள்வியிலிருந்து பிறந்தவை. அதை வாங்கப் போகிறவர் யார், அவருக்கு எது பிடிக்கும் என்ற கேள்வி இரண்டிலும் இல்லை.

தமிழில் பீட்டா டெஸ்டருக்குச் சோதனையாளர், பரிசோதகர், முன்னோட்டப் பயனர் என்றெல்லாம் எழுதுகிறார்கள். பரிசோதகர் என்றதும் ரயிலில் பயணச்சீட்டு பார்க்கிறவர்தான் நினைவுக்கு வருகிறார். முன்னோட்டத்தைச் சினிமா எடுத்துக்கொண்டுவிட்டது. சோதனை தவறில்லை என்றாலும், ‘என்ன சோதனை இது’ என்று நொந்து சொல்லும் பொருளும் அதில் ஒட்டியிருக்கிறது. எனக்குச் சரியாகப் படும் சொல் வெள்ளோட்டம். புதிதாகத் தேர் செய்தாலும் பழைய தேரைப் புதுப்பித்தாலும், திருவிழாவுக்கு முன்னால் உற்சவர் எழுந்தருளாமல் அதை ஓட்டிப் பார்ப்பதை வெள்ளோட்டம் என்கிறோம். வெள்ளறிவு என்பதில் இருப்பதைப் போல, வெண்மைக்கு வெறுமை என்ற பொருளும் பழைய வழக்கில் உண்டு. சக்கரம் சரியாகத் திரும்புகிறதா, அச்சு தாங்குகிறதா, முட்டுக்கட்டைக்குத் தேர் நிற்கிறதா என்பதெல்லாம் அன்று தெரிந்துவிடும். திருவொற்றியூரில் மாசித் தேர் நாளன்று திரளும் கூட்டத்துக்கு என்ன வேண்டும் என்பது அன்று தெரியாது. பழுதைக் காட்டும், மக்களைக் காட்டாது என்ற இந்த வரம்பு சொல்லுக்குள்ளேயே இருப்பதால்தான் இதை வலியுறுத்துகிறேன்.

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்ற பழமொழியைச் சொல்லி, சில நூறு டெஸ்டர்கள் போதாதா என்று கேட்கலாம். பானைக்குள் எல்லா அரிசியும் ஒரே நீரில், ஒரே சூட்டில் வேகிறது. கரண்டியில் எந்தப் பருக்கை வந்தாலும் அது மற்றவற்றுக்குச் சாட்சி. பீட்டாவுக்கு வருகிறவரோ தாமாகக் கரண்டியில் ஏறி வந்தவர். பெரும்பாலும் தமக்கென்று தனிப் போன், தடையில்லாத இணையம், நல்ல ஹெட்போன் வைத்திருப்பவர். ஒலியின் தன்மையைக் கூட்டிக் குறைக்கும் ஈக்வலைசரை நுணுக்கமாகத் திருத்துபவர். ஆல்பம் படம் ஒன்று மாறியிருந்தால்கூடப் புகார் எழுதுபவர். செயலி பாதியில் நின்றால் பிழைப் பதிவை எடுத்து அனுப்புகிற பொறுமை அவருக்கு உண்டு. மற்றவர் நீக்கிவிட்டுப் போய்விடுவார். அவர் போனது ஏன் என்பது எந்தப் புகாரிலும் பதிவாகாது.

வடசென்னையில் பல வீடுகளில் பாட்டு கேட்கிற போன் ஒன்றே ஒன்று. காலையில் அம்மா அதில் பக்திப் பாட்டு வைக்கிறார், பகலில் பிள்ளைக்குக் குழந்தைப் பாட்டு ஓடுகிறது, ராத்திரி அண்ணன் கானா கேட்கிறார். ‘உங்களுக்காக’ என்று செயலி தொகுத்துத் தருவது இந்த மூவரில் யாருக்கும் பொருந்தாத கலவையாகிவிடுகிறது. தனிப் போன் வைத்திருக்கும் டெஸ்டருக்கு இந்தக் குறை எப்படித் தென்படும்? காசிமேட்டிலிருந்து விசைப்படகில் நாள்கணக்கில் தொழிலுக்குப் போகிறவருக்குக் கரை மறைந்த பிறகு சிக்னல் கிடையாது. செயலி திறந்ததும் இணையத்தைத் தேடி வட்டம் சுற்றிக்கொண்டிருந்தால், இறக்கி வைத்த பாட்டு கையில் இருந்தும் அவருக்குப் பயனில்லை.

கானா விஷயத்தில் எனக்கு வருத்தமே உண்டு. மரண கானா பலவும் சாவு வீட்டில் போனில் பதிவாகி, வாட்ஸ்அப்பில் கைமாறி வருபவை. கோப்பின் பெயர் வெறும் எண்ணாக இருக்கும். பாடியவர் பெயரோ ஆல்பமோ அதற்குள் இருக்காது. கோப்பின் உள்விவரத்தை நம்பிப் பாட்டுகளை அடுக்கும் செயலி, இவற்றையெல்லாம் ‘அறியப்படாத கலைஞர்’ என்ற ஒரே தலைப்பின் கீழ்க் கொட்டிவிடுகிறது. வியாசர்பாடியில் குரலைக் கேட்டதுமே பெயர் சொல்லக்கூடிய பாடகர் அங்கே பெயரில்லாதவர் ஆகிறார். உள்விவரங்களை ஒழுங்காக நிரப்பி வைத்திருக்கும் டெஸ்டரின் போனில் அந்தத் தலைப்பு அநேகமாகக் காலியாகத்தான் இருக்கும்.

எண்ணிக்கையைக் கூட்டினாலும் இது தீராது. வெளியீட்டுக்கு முன் செயலியைச் சோதிக்க உதவும் ஆப்பிளின் டெஸ்ட்ஃபிளைட், ஒரு செயலிக்கு 10,000 வெளிச் சோதனையாளர்கள் வரை அனுமதிக்கிறது. கூகுளோ, 2023 நவம்பர் 13-க்குப் பிறகு செயலி வெளியிடுவதற்கான தனிநபர் கணக்கு தொடங்கியவர்கள் செயலியைப் பொதுவில் வெளியிடுமுன் குறைந்தது 12 பேரை வைத்துத் தொடர்ந்து 14 நாள் சோதிக்க வேண்டும் என்கிறது. பெரம்பூரில் தனியாகச் செயலி எழுதும் ஒருவர் அந்த 12 பேரை எங்கே தேடுவார்? கல்லூரி நண்பர்களையும் உடன் வேலை செய்பவர்களையும்தான் கூப்பிடுவார். பழுது கண்டுபிடிக்க அவர்கள் போதும், அந்த உழைப்பு மதிப்புள்ளதுதான். ரசனை அறிய வேண்டுமானால் பழைய போன், குறைந்த டேட்டா, பகிர்ந்த கணக்கு உள்ளவர்களிடம் அவராகத் தேடிப் போக வேண்டும். அது வேறு வேலை, அதற்குப் பெயர் பயனர் ஆய்வு.

ஆகவே பீட்டா பதிப்பை வெள்ளோட்டப் பதிப்பு என்றும், பீட்டா டெஸ்டரை வெள்ளோட்டத் தன்னார்வலர் என்றும் எழுதலாம் என்பது என் பரிந்துரை. வெள்ளோட்டப் பயனர் என்பது சுருக்கமாக இருந்தாலும், பயனர் என்றதும் எல்லாப் பயனரும் அதில் அடக்கம் என்ற தோற்றம் வந்துவிடுகிறது. தன்னார்வலர் என்றால் தாமாக முன்வந்தவர் என்பது எவருக்கும் விளங்கும். செய்திக் குறிப்பில் ‘பயனர்கள் விரும்பினர்’ என்று இருக்கும் இடத்தில் ‘வெள்ளோட்டத் தன்னார்வலர்கள் விரும்பினர்’ என்று எழுதினால், அது யாருடைய விருப்பம் என்று வாசிப்பவருக்குத் தெரிந்துவிடும்.