அடிதடி வழக்கா? முதல்ல ஆஸ்பத்திரிக்குப் போனீங்களா?

"சார், என் மேல எஃப்.ஐ.ஆர். போட்டுட்டாங்களாம்."

"உங்களுக்கு அடி பட்டிருக்கா?"

"லேசாதான் சார்."

"ஆஸ்பத்திரியில காட்டினீங்களா?"

இந்த இடத்தில் போனில் சத்தம் நின்றுவிடும். இருபது வருடமாகக் கிரிமினல் வழக்குகள் நடத்துகிறேன், இது மாறவேயில்லை. 'போனா அங்கேயே பிடிச்சிடுவாங்க' என்ற பயம்.

வரப்புத் தகராறு ஒன்று. இரண்டு பக்கமும் பங்காளிகள். என் கட்சிக்காரருக்கு இடது உள்ளங்கையில் குறுக்காக வெட்டு. ஓங்கிய அருவாளைத் தடுத்தபோது விழுந்தது. காபித்தூளை வைத்துத் துண்டால் கட்டிக்கொண்டு மாமியார் ஊருக்குப் போய்விட்டார். என்னிடம் வந்தபோது மூன்று வாரம் ஓடியிருந்தது, காயம் ஆறிவிட்டது, கையில் ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை. எதிர்த்தரப்போ அன்றிரவே ஜி.எச்.சில் அட்மிட் ஆகிவிட்டது.

அடிபட்டவர் போனதும் டியூட்டி டாக்டர் விபத்துப் பதிவேட்டில் எழுதுவார்: அடித்தது தெரிந்தவரா தெரியாதவரா, எத்தனை பேர், எதால், எத்தனை மணிக்கு. ஏ.ஆர். காப்பி என்போமே, அதுதான். பெரும்பாலும் புகாருக்கும் முன்னால் உருவாகும் தாள். யோசித்துச் சேர்க்க அவகாசம் இல்லாத நேரத்துப் பேச்சு அது. இந்த வழக்கில் எதிர்த்தரப்பின் ஏ.ஆரில் 'தெரிந்த இருவர், கையாலும் கம்பியாலும்' என்று இருந்தது. மறுநாள் எஃப்.ஐ.ஆரில் ஐந்து எதிரிகள் (குற்றம் சாட்டப்பட்டவர்களை அப்படித்தான் சொல்வோம்), கம்பியோடு அருவாளும்! என் கட்சிக்காரரின் வயதான பெரியப்பா நான்காவது எதிரி. இந்த முரண்பாடு மட்டுமே விடுதலை வாங்கித் தராது. பெயர்களைக் குறிப்பது டாக்டரின் வேலையல்ல என்று நீதிமன்றங்களே சொல்லியிருக்கின்றன. ஆனால் குறுக்கு விசாரணை அங்கேதான் தொடங்கும்.

உங்கள் காயமும் இப்படிப் பதிவானால் கதையே வேறு. குற்றம் சாட்டப்பட்டவரின் உடம்பில் இருக்கும் காயத்தை அரசுத் தரப்பு விளக்காமல் விட்டால், நடந்ததை அது மறைக்கிறது என்று வாதிடலாம். லட்சுமி சிங் வழக்கில் 1976-லேயே உச்ச நீதிமன்றம் இதைச் சொல்லிவிட்டது. சின்னச் சிராய்ப்புக்கு இது எடுபடாது. உள்ளங்கை வெட்டுக்கு எடுபட்டிருக்கும். ஸ்டேஷனில் உங்கள் புகாரை வாங்க மறுத்தால் பதிவுத் தபாலில் எஸ்.பி.க்கு அனுப்புங்கள், ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.

'அவன்தானே முதல்ல அடிச்சான்' என்பது மட்டும் தற்காப்பு ஆகாது. இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்துக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 34 முதல் 44 வரையான பிரிவுகள் தற்காப்பு உரிமையைத் தருகின்றன, தேவைக்கு மேல் போகாதவரை. அடித்தவன் ஓட ஆரம்பித்த பிறகு துரத்திப் போய் அடித்தால் அந்த உரிமை அங்கேயே முடிந்தது.

பிரிவுகளையும் பாருங்கள். 2024 ஜூலை 1 அன்றோ அதற்குப் பின்னோ நடந்த சம்பவமென்றால் பழைய சட்டத்தின் 323 இப்போது 115(2), ஓராண்டு வரை தண்டனை. எலும்பு முறிந்தாலோ பல் உடைந்தாலோ கொடுங்காயம், 117(2), ஏழாண்டு வரை. அதையே ஆபத்தான ஆயுதத்தால் செய்தால் 118(2), ஜாமீனில் விட முடியாத குற்றம். முன்ஜாமீன் போட வேண்டும். இங்கேயும் அப்படித்தான். எதிர்த்தரப்பிடம் பல் உடைந்ததற்கு எக்ஸ்ரே இருந்தது. முன்ஜாமீன் கிடைத்தது, தினமும் காலை 10.30-க்கு ஸ்டேஷனில் கையெழுத்து என்ற நிபந்தனையோடு. போலீஸ் ஆஜராகச் சொல்லி, புதிய குற்ற நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 35(3) நோட்டீஸ் கொடுத்தால் ஒளியாதீர்கள். போகாமல் இருப்பதே கைது செய்யக் காரணமாகிவிடும்.

எட்டு மாதம் கழித்துப் பெரியப்பா போன் செய்தார். "தம்பி, ராசியாகிட்டோம். கேஸை வாபஸ் வாங்கிடலாமா?"

115(2) என்றால் அடிபட்டவரே சமரசம் செய்துகொள்ளலாம், 117(2)-க்கு நீதிமன்ற அனுமதி வேண்டும். ஆயுதம் சேர்ந்த 118 சமரசம் செய்யக்கூடிய குற்றங்களின் பட்டியலிலேயே இல்லை. உயர் நீதிமன்றத்தில் ரத்து மனு போட வேண்டும். கடைசியில் இரு தரப்பும் ஒரே வேனில் மதுரைக்கு வந்து பிரமாணப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டன, வேன் வாடகை ஆளுக்குப் பாதி. அந்த வரப்பை அளக்கச் சொல்லி யாரும் இன்னும் மனுக் கொடுக்கவில்லை.