லண்டன் வரை நீளும் நூல் எங்கே அறுகிறது?

மாலை ஏழு மணி. சிறுகோள்களுக்கு நடுவே கப்பலை நிறுத்திக் கனிமம் வெட்டிக்கொண்டிருந்தேன். திடீரென்று பக்கத்தில் எதிரிக் கப்பல் ஒன்று முளைத்தது. தப்பிக்கும் பட்டனை அழுத்தினேன். எதுவும் நடக்கவில்லை. என்ஜின் சத்தம் கேட்கிறது, நட்சத்திரங்கள் மின்னுகின்றன, கப்பல் மட்டும் அசையவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, இணைப்பு துண்டிக்கப்பட்டது என்று திரையில் ஒரு பெட்டி வந்தது. திரும்ப உள்ளே போவதற்குள் கப்பல் சுக்குநூறாகியிருந்தது. அந்த வாரத்தில் நான்கு நாள், அதே நேரத்தில் இதே கதை.

விளையாட்டு, ஈவ் ஆன்லைன். ஐஸ்லாந்தின் ரெய்க்யவிக் நகரத்தில் இருக்கும் சிசிபி நிறுவனம் உருவாக்கியது, 2003 மே மாதம் வெளிவந்தது. இதில் உடைந்த கப்பல் உடைந்ததுதான். மறுபடி காசு சேர்த்துத்தான் வாங்க வேண்டும். சண்டையில் இறங்கியவரின் இணைப்பு அறுந்தால் கப்பல் உடனே மறைந்துவிடாது, 15 நிமிடம் வரை விண்வெளியில் ஆளில்லாமல் நிற்கும். அதனால் இந்த ஆட்டத்தில் நெட் கோளாறு வெறும் எரிச்சல் இல்லை, பல வார உழைப்பைக் கொண்டுபோய்விடும்.

யாரிடம் கேட்டாலும் முதலில் வரும் பதில், "சர்வர் லண்டன்ல இருக்கு, பிங் அதிகம், அதான்" என்பது. ஒரு தகவல் போய்த் திரும்பி வர ஆகும் நேரத்தைத்தான் பிங் என்கிறார்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம். சென்னையிலிருந்து லண்டனுக்கு நேர்கோட்டில் சுமார் 8,200 கிலோமீட்டர். கண்ணாடி இழைக்குள் ஒளி நொடிக்கு ஏறக்குறைய 2 லட்சம் கிலோமீட்டர் போகும். ஆக, போக 41 மில்லிநொடி, வர 41 மில்லிநொடி. கேபிள்கள் நேர்கோட்டில் கிடப்பதில்லை. அரபிக்கடல், செங்கடல், எகிப்து, மத்தியதரைக் கடல் என்று சுற்றித்தான் போகின்றன. வழியில் இருக்கும் ரவுட்டர்களும் தங்கள் பங்குக்கு நேரம் எடுக்கும். கடைசியில் 150 மில்லிநொடி பக்கம் வந்து நிற்கும்.

துப்பாக்கிச் சண்டை ஆட்டத்தில் இந்தத் தாமதம் உயிரை எடுக்கும். ஈவ் அப்படி இல்லை. அதன் சர்வர் உலகத்தை நொடிக்கு ஒரு முறைதான் கணக்கிட்டு நகர்த்துகிறது. இந்த ஒரு நொடித் துடிப்பை 'டிக்' என்பார்கள். என் கட்டளை 40 மில்லிநொடியில் போனாலும் 150-இல் போனாலும், அடுத்த டிக் வரும்வரை சர்வர் வாசலில் காத்திருக்கத்தான் வேண்டும். தூரத்தை இந்த ஆட்டம் நன்றாகவே பொறுத்துக்கொள்ளும். அதற்குப் பொறுக்காதது, நூல் அறுவது.

அந்த நூலின் பெயர் டிசிபி, இரண்டு கம்ப்யூட்டர்கள் தகவலைச் சிறு துண்டுகளாக்கி அனுப்பிக்கொள்ளும் முறை. அனுப்பிய ஒவ்வொரு துண்டுக்கும் "வந்து சேர்ந்தது" என்று மறுமுனையிலிருந்து ஒப்புகை வர வேண்டும். வராவிட்டால் மறுபடி அனுப்பும். அதற்கும் பதில் இல்லையென்றால் இரு மடங்கு நேரம் காத்திருந்து அனுப்பும்: ஒரு நொடி, இரண்டு, நான்கு, எட்டு. தொலைந்த துண்டு வந்து சேரும்வரை பின்னால் வந்த துண்டுகளையும் ஆட்டத்துக்குத் தராது, ஏனென்றால் வரிசை மாறக் கூடாது. கப்பல் உறைந்து நின்ற அந்த நொடிகளில் என் கம்ப்யூட்டர் சும்மா இருக்கவில்லை. ஒரே கட்டளையைத் திரும்பத் திரும்ப அனுப்பிக்கொண்டிருந்தது.

சரி, எங்கே தொலைகிறது? ஐந்தாம் நாள் 6:50-க்கே கட்டளை தட்டச்சு செய்யும் இரண்டு கறுப்பு ஜன்னல்களைத் திரையில் திறந்துவைத்தேன். இடது ஜன்னலில் வீட்டு ரவுட்டருக்குப் பிங், வலது ஜன்னலில் வெளியே இருக்கும் ஒரு பொதுச் சர்வருக்குப் பிங். அந்த நேரத்தை அளக்கும் பிங், மைக் மூஸ் என்ற அமெரிக்க நிரலாளர் 1983 டிசம்பரில் எழுதிய குட்டி நிரல். நீர்மூழ்கிக் கப்பலின் சோனார் ஒலியைத்தான் பெயராக வைத்தார். கூப்பிட்டுப் பார், எதிரொலி வர எவ்வளவு நேரம் என்று பார், அவ்வளவுதான். நெட் கோளாறைத் தேட இன்றைக்கும் நான் முதலில் எடுப்பது இதைத்தான்.

இடது ஜன்னலில் மில்லிநொடிக் கணக்கில் 1, 1, 2, 1. வலது ஜன்னலில் 34, 36, 33, 35. ஏழு மணிக்குக் கேட் சத்தம் கேட்டது, அக்கா உள்ளே வந்தார். இடது ஜன்னல் அப்படியே 1, 2, 1. வலது ஜன்னலில் 38, 210, 940, 1,870. பிறகு, பதில் இல்லை.

அக்கா பள்ளி ஆசிரியை. அது ஆண்டு விழா ஒத்திகை நடந்த வாரம். பகலெல்லாம் எடுத்த நடன வீடியோக்கள் போனில் இருந்தன. வீட்டு வைஃபை கிடைத்ததும் பேக்கப் ஆப் அத்தனையையும் மேலே ஏற்ற ஆரம்பித்துவிடும். எங்கள் வீட்டில் அப்போது பழைய செம்புக் கம்பி இணைப்பு. அப்லோடு 2 எம்பிபிஎஸ்தான், அதாவது நொடிக்கு 20 லட்சம் பிட். வெளியே போகக் காத்திருக்கும் துண்டுகளை ரவுட்டர் ஒரு நினைவகத்தில் வரிசையாக அடுக்கி வைக்கும். அதில் 500 கிலோபைட், அதாவது 40 லட்சம் பிட், தேங்கினாலே, 2 எம்பிபிஎஸ் வேகத்தில் காலியாக 2 நொடி ஆகும். ரயில்வே கேட் திறந்ததும் முன்னால் நாற்பது லாரி, பின்னால் ஒரு சைக்கிள். அந்தச் சைக்கிள்தான் என் "தப்பி ஓடு" கட்டளை. நினைவகம் நிரம்பி வழிந்தால் சைக்கிளைச் சாலையிலிருந்தே தள்ளிவிடுவார்கள்.

ஜிம் கெட்டிஸ் என்ற பொறியாளர் 2010 வாக்கில் தன் வீட்டு இணைப்பிலேயே இதைக் கவனித்து, 'பஃபர்புளோட்' என்ற பெயரில் உலகத்துக்குச் சொன்னார். நினைவகம் மலிவானதால் சாதனங்களில் அதை அள்ளித் திணித்திருந்தார்கள். எதையும் தொலைக்கக் கூடாது என்ற நல்லெண்ணம் வரிசையை நொடிக்கணக்கில் நீட்டிவிட்டது. 2012-இல் கேத்லீன் நிக்கோல்ஸ், வான் ஜேக்கப்சன் இருவரும் 'கோடெல்' என்ற முறையைத் தந்தார்கள். வரிசை எவ்வளவு நீளம் என்று அது பார்ப்பதில்லை. ஒவ்வொரு துண்டும் வரிசையில் எவ்வளவு நேரம் நின்றது என்று பார்க்கிறது. காத்திருப்பு தொடர்ந்து 5 மில்லிநொடிக்குக் கீழே இறங்காவிட்டால் சில துண்டுகளை வேண்டுமென்றே கைவிட்டு, அனுப்புகிறவரை வேகம் குறைக்க வைக்கிறது. எனக்கு இது மிக அழகான யோசனை. ரவுட்டர் அமைப்பில் 'எஸ்கியூஎம்' என்று, இப்படி வரிசையைக் கட்டுப்படுத்தும் வசதி இருந்தால் அதை ஆன் செய்து, அப்லோடு வரம்பை உண்மையான வேகத்தில் 90 சதவீதத்துக்கு வையுங்கள். அப்போதுதான் வரிசை உங்கள் ரவுட்டரின் கட்டுப்பாட்டில் நிற்கும்.

இடது ஜன்னலும் சேர்ந்து எகிறியிருந்தால் குற்றவாளி வைஃபை. ஒரு லேன் கேபிள் போட்டாலே தெரிந்துவிடும். இரண்டிலும் கொஞ்ச நேரம் பதிலே வராமல் நின்று, பிறகு பழையபடி ஆனாலும் ஆட்டம் மட்டும் அறுந்தே கிடக்கிறதா? கரண்டைக் கவனியுங்கள். டிசிபி இணைப்புக்கு அடையாளம் நான்கு எண்கள்: உங்கள் ஐபி, உங்கள் போர்ட், அவர்கள் ஐபி, அவர்கள் போர்ட். ஐபி என்பது நெட்டில் வீட்டு முகவரி மாதிரி, போர்ட் அந்த வீட்டின் கதவு எண் மாதிரி. கரண்ட் போய் இன்வெர்ட்டர் எடுக்கும் கண்சிமிட்டலில் ரவுட்டர் ரீஸ்டார்ட் ஆகிவிடும். திரும்பி வரும்போது புது ஐபி கிடைக்கலாம். நான்கில் ஒன்று மாறினாலும் சர்வருக்கு நீங்கள் வேறு ஆள். ரவுட்டருக்கென்றே கடையில் கிடைக்கும் மினி யுபிஎஸ் இந்தத் தொல்லைக்குப் போதும்.

வெளியிலிருந்து அழைப்பு வர ரவுட்டரில் போர்ட்டைத் திறந்துவிடச் சொல்லும் அறிவுரையும் உண்டு. அது ஈவுக்குப் பயன்படாது, அழைப்பு நம் பக்கமிருந்துதான் போகிறது. கேம்பிரிட்ஜின் ஃப்ரான்டியர் நிறுவனம் 2014-இல் வெளியிட்ட எலீட் டேஞ்சரஸ் என்ற விண்வெளி ஆட்டம் வேறு மாதிரி: அதில் ஆட்டக்காரர்களின் கம்ப்யூட்டர்கள் நேரடியாக ஒன்றோடொன்று பேச வேண்டும். அங்கே ரவுட்டரின் வெளி ஐபி 100.64-க்கும் 100.127-க்கும் இடையில் தொடங்கினால், பல வீடுகளோடு ஒரே முகவரியைப் பங்குபோடுகிறீர்கள் என்று அர்த்தம். வெளியிலிருந்து வரும் அழைப்பு உங்கள் கதவைக் கண்டுபிடிப்பது கடினம்.

பலரும் ஏமாறுவது ட்ரேஸ்ரூட்டில், அதாவது சர்வர் வரை வழியில் இருக்கும் ரவுட்டர்களைப் பட்டியல் போடும் நிரலில். பட்டியலின் நடுவே ஒரு ரவுட்டர் 60 சதவீத இழப்பு காட்டும், உடனே "இதோ பிடித்துவிட்டேன்" என்று சேவை நிறுவனத்துக்குப் புகார் பறக்கும். பெரிய ரவுட்டர்கள் மற்றவர்களின் துண்டுகளைக் கடத்துவதற்கே முதலிடம் தரும். விசாரிக்க வந்த துண்டுக்குப் பதில் எழுதுவது அவற்றுக்குக் கடைசி வேலை. அந்த இழப்பு அதற்குப் பிந்தைய எல்லா வரிகளிலும் கடைசி வரை தொடர்ந்தால் மட்டுமே அது நிஜம்.

கோளாறு அவர்கள் பக்கமும் இருக்கலாம். தினமும் 11:00 யுடிசி, நமக்கு மாலை 4:30, சர்வரைப் பராமரிப்புக்காக நிறுத்துவார்கள். பெரும் போர்களில் சர்வர் திணறினால் ஆட்டத்தின் நேரத்தையே இயல்பான வேகத்தில் 10 சதவீதமாகும் வரை மெதுவாக்கும். அங்கே ஒரு நொடி நமக்குப் பத்து நொடி. 2014 ஜனவரியில் பி-ஆர்5ஆர்பி என்ற மண்டலத்தில் டைட்டன் என்ற மிகப் பெரிய ரகக் கப்பல்கள் 75 அழிந்த போர் இப்படித்தான் சுமார் 21 மணி நேரம் நீண்டது. திரையில் நேரம் மெதுவாவதற்கான குறி தெரிந்தால் ரவுட்டரைத் தொடாதீர்கள்.

அக்காவின் போனில் பேக்கப்பை இரவு சார்ஜில் இருக்கும்போது மட்டும் என்று மாற்றினோம். அடுத்த நாள் ஏழு மணிக்குக் கேட் சத்தம் கேட்டது. வலது ஜன்னலில் 35, 34, 37.