உயிர்ப்படலத் தொற்றில் மால்டி-டாஃப் கருவி சொல்வதும் சொல்லாததும்

செயற்கை மூட்டு, இதய வால்வு, கதீட்டர் போன்றவற்றைச் சார்ந்து வரும் தொற்றுகளுக்கான மாதிரிகளை அனுப்பும் மருத்துவர்கள், கிருமி உயிர்ப்படலம் (தான் சுரக்கும் பசைப்பொருளுக்குள் கிருமிகள் ஒரு பரப்பில் ஒட்டிக் கூட்டமாக வாழும் படலம்) அமைத்திருக்கிறதா என்பதையும், புரதங்களின் நிறையைக் கொண்டு கிருமியை அடையாளம் காணும் மால்டி-டாஃப் கருவி காட்டிவிடுமா என்று எங்கள் நுண்ணுயிரியல் ஆய்வகத்தில் அடிக்கடி கேட்பதுண்டு. காட்டாது. அது கிருமியின் பெயரை மட்டுமே சொல்லும்.

வளர்ப்புத் தட்டில் முளைத்த காலனியில் சிறிதளவை உலோகத் தகட்டில் பூசி, லேசர் ஒளியை உறிஞ்சும் கரிம அமிலக் கரைசலொன்றை அதன்மேல் இட்டு உலர்த்துகிறோம். லேசர் பட்டதும் கிருமியின் புரதங்கள் சிதையாமல் மின்னூட்டம் பெற்று வெற்றிடக் குழாயில் பாய்கின்றன. நிறை குறைந்தவை முன்னதாகவும் மிகுந்தவை பின்னதாகவும் மறுமுனையை அடைகின்றன. 2,000 முதல் 20,000 டால்டன் (மூலக்கூறு நிறையின் அலகு) வரையிலான இந்த நிறைகளின் வரிசையைத் தரவுத்தளத்தோடு ஒப்பிட்டுச் சில நிமிடங்களில் பெயரை அறிகிறோம். பெரிய புரதங்களைச் சிதைக்காமல் அயனியாக்கும் லேசர் முறைக்காகத்தான் கோயிச்சி தனாகாவுக்கு 2002இல் வேதியியல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. இந்த வரிசையில் மேலோங்கித் தெரிபவை, செல்லில் புரதம் தயாரிக்கும் ரைபோசோம்களின் புரதங்கள். கிருமி எந்நிலையில் இருந்தாலும் அவை ஏராளமாக இருப்பதால் பெயர் உறுதியாகக் கிடைக்கிறது, அதனாலேயே படலத்தைப் பற்றி அவற்றிலிருந்து எதுவும் தெரிவதில்லை. மேலும், நாங்கள் பரிசோதிக்கும் காலனி ஏற்கெனவே படலத்தை விட்டு வெளியேறித் தட்டில் வளர்ந்ததாகும்.

ஆனால் பெயரின் பயனைக் குறைத்து மதிப்பிடக் கூடாது. தோலில் இயல்பாக வாழும் ஸ்டாஃபைலோகாக்கஸ் எபிடெர்மிடிஸ், செயற்கை உறுப்புகளில் படலம் அமைப்பதில் முதன்மையானது என்பதால், மாதிரியில் அது தென்பட்டால் அது தொற்றா, தோலிலிருந்து மாதிரியில் தற்செயலாகக் கலந்த மாசா என்ற ஐயம் எழும். முன்பு, இரத்தப் பிளாஸ்மாவை உறையவைக்கும் கோயாகுலேஸ் நொதி இல்லாத இனங்களையெல்லாம் கோயாகுலேஸ் எதிர்மறை ஸ்டாஃபைலோகாக்கஸ் என்று மொத்தமாக எழுதிவிடுவதே பல ஆய்வகங்களின் வழக்கம். இப்போது இனத்தின் பெயர் வரை தெரிவதால், ஒரே அறுவையில் தனித்தனியே எடுத்த திசுக்களில் ஒரே இனம் வளர்ந்தால் தொற்றுக்கான சான்று வலுக்கிறது. ஒன்றில் எபிடெர்மிடிஸும் இன்னொன்றில் ஹோமினிஸும் வந்தால் மாசாக இருக்கவே வாய்ப்பு அதிகம். இதய வால்வைக் கடுமையாகச் சிதைக்கவல்ல லக்டுனென்சிஸும் அந்த மொத்தப் பெயருக்குள்தான் மறைந்திருந்தது.

கருவி தடுமாறும் இடங்களும் உண்டு. கோழைபோல் வழுவழுப்பாக வளரும் சூடோமோனாஸ் காலனிகளில், உறையாகச் சூழ்ந்த பாலிசாக்கரைடு புரதச் சமிக்ஞையை மங்கச் செய்து, தரவுத்தளத்தோடு எவ்வளவு பொருந்துகிறது என்பதற்கான மதிப்பெண்ணைக் குறைத்துவிடலாம். அப்போது ஃபார்மிக் அமிலத்தால் புரதத்தைப் பிரித்தெடுத்து மீண்டும் பார்க்கிறோம். நீண்டகாலத் தொற்றுகளில் தோன்றும் மிகச்சிறு காலனிகள் முதல் நாளில் கண்ணுக்கே படாமல் போகலாம். மெதுவாக வளரும் தோல் பாக்டீரியாவான கியூட்டிபாக்டீரியம் ஆக்னஸ் வளர 14 நாள்கள் வரை காத்திருக்க நேரிடும். வளராத கிருமிக்கு இக்கருவியால் பெயர் சொல்ல முடியாது.

அகற்றிய செயற்கை மூட்டையே தூய கலனில் அனுப்பினால், மீயொலியால் படலத்தைக் கலைத்துக் கிருமிகளை வளர்க்க முடியும். பஞ்சுக்குச்சியால் ஒற்றி எடுத்த மாதிரி இதற்கு ஈடாகாது. நோயாளியின் நிலை இடம்கொடுத்தால், ஆன்டிபயாடிக் தொடங்குமுன் மாதிரி எடுப்பது நல்லது.

அறிக்கையில் 'மருந்துக்குக் கட்டுப்படும்' என்று நாங்கள் எழுதுவது, திரவத்தில் தனித்து மிதக்கும் கிருமிகளை வைத்துச் செய்த சோதனையின் முடிவாகும். படலத்துக்குள் இருக்கும் அதே கிருமி பன்மடங்கு செறிவையும் தாங்கக்கூடும். ஆகவே, உடலில் செயற்கைப் பொருள் இருப்பதையும் அது பொருத்தப்பட்ட காலத்தையும் பரிசோதனைப் படிவத்தில் எழுதியனுப்பினால், தட்டுகளை எத்தனை நாள் வைத்திருப்பது, எந்தக் கிருமியை மாசென ஒதுக்கக் கூடாது என்பதை நாங்கள் முன்கூட்டியே முடிவுசெய்துகொள்வோம்.