பொலிஸில் எழுதின கடிதம் விவாகரத்து ஆகாது

விசுவமடுப் பக்கமிருந்து வந்த அந்தப் பெண் பொலித்தீன் உறையிலிருந்து நாலாக மடித்த கொப்பி ஒற்றை ஒன்றை எடுத்துச் சட்டத்தரணியான என் மேசையில் விரித்தார். "நாங்கள் இருவரும் மனம் ஒத்துப் பிரிகிறோம். இனிமேல் ஒருவர் வாழ்க்கையில் மற்றவர் தலையிட மாட்டோம். பிள்ளைச் செலவும் கேட்க மாட்டேன்." கீழே இரண்டு கையெழுத்து, இரண்டு சாட்சி, ஒரு சமாதான நீதவானின் சீல். மடிப்பு விழுந்த இடத்தில் எழுத்து அழிந்து போயிருந்தது.

"மிஸ், நான் டிவோஸ் எடுத்து மூண்டு வருசம். சீதனக் காணியை விப்பம் எண்டு போனால், நொத்தாரிசு புருசன்ர கையெழுத்துக் கேக்கிறார். எனக்குத்தான் புருசன் இல்லையே?"

சட்டப்படி இருக்கிறார். இந்த ஒற்றையால் அவர்களுடைய கலியாணம் ஒரு நூல்கூட அறவில்லை.

மாசத்துக்கு இரண்டு மூன்று பேராவது இப்படியொரு கடிதத்தோடு வருகிறார்கள். சிலது பொலிஸ் நிலையத்தில் முறைப்பாட்டை முடித்துவைக்க எழுதியது. சிலது கோவில் மண்டபத்தில் பெரியாக்கள் கூடி எழுதியது. ஆட்களைக் குறை சொல்லவும் முடியாது. 'சமாதான நீதவான்' என்ற பேரிலேயே 'நீதவான்' இருக்கிறது. நீதிமன்றத்தில் இருப்பவரும் நீதவான், சீல் குத்துபவரும் நீதவான் என்றால் சனம் என்ன செய்யும்? ஆனால் இப்படியான கடிதத்தில் சமாதான நீதவான் செய்வது கையெழுத்தை அத்தாட்சிப்படுத்துவது மட்டும்தான். கலியாணத்தைக் குலைக்கும் அதிகாரம் அவருக்கும் இல்லை, பொலிசுக்கும் இல்லை, விதானையாருக்கும் இல்லை, மத்தியஸ்த சபைக்கும் இல்லை. அது மாவட்ட நீதிமன்றத்துக்கு மட்டுமே உண்டு. (முஸ்லிம்களுக்குத் தனிச் சட்டமும் காதி நீதிமன்றமும் இருக்கின்றன. நான் இங்கே சொல்வது பொதுச் சட்டம்.)

அங்கேயும் "எங்களுக்கு ஒத்துவரேல்லை, ரெண்டு பேருக்கும் சம்மதம்" என்று சொல்லி விவாகரத்து வாங்க முடியாது. இந்தியத் தொடர் நாடகங்களில் கணவனும் மனைவியும் சேர்ந்தே மனுப் போடுவார்கள். அது அந்த நாட்டுச் சட்டம். இங்கே 1907 ஆம் ஆண்டின் விவாகப் பதிவுக் கட்டளைச் சட்டம் மூன்றே காரணங்களைத்தான் ஏற்கிறது: கலியாணத்துக்குப் பிறகு வேறு ஆளோடு உறவு, கெட்ட எண்ணத்தோடு கைவிட்டுப் போதல், கலியாண நேரத்திலேயே இருந்த, தீராத உடலுறவு இயலாமை. ஏழு வருசம் பிரிந்திருந்தால் தானாகவே விட்டுப்போகும் என்றும் ஊரில் ஒரு கதை இருக்கிறது. எத்தனை வருசமானாலும் தானாக எதுவும் விட்டுப்போகாது.

பிறகு குடிக்கு வருவோம். இந்தப் பெண்ணின் கணவரை ஏ-9 வீதியில் மறித்துப் பலூன் ஊதவைத்திருக்கிறார்கள். நீதிமன்றம் தண்டமும் போட்டது. அந்தத் தண்டத்தைக் கட்ட அடகுக்குப் போனது இவருடைய தோடு.

"கோட்டே குடிகாரன் எண்டு எழுதித் தந்திருக்கு மிஸ். அது காணாதோ?"

காணாது. குடி மூன்று காரணங்களுக்குள் இல்லை. ஆனால் குடித்துவிட்டு அடித்து, இனி இந்த வீட்டில் இருக்கவே முடியாது என்ற நிலைக்குக் கொண்டுவந்து, அதனால் மனைவி வெளியேறினால், வீட்டைவிட்டுப் போனது அவராக இருந்தாலும் சட்டத்தின் கண்ணில் கைவிட்டவர் கணவன்தான். வன்னியில் நான் போடும் வழக்குகளில் பாதிக்கு மேல் இந்த வாசல் வழியாகத்தான் உள்ளே போகின்றன. அதனால்தான் கேட்பவர்களிடமெல்லாம் சொல்கிறேன்: அடி விழுந்த அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள், அங்கே தரும் துண்டுச் சீட்டைப் பத்திரப்படுத்துங்கள், பொலிஸில் போட்ட முறைப்பாட்டின் இலக்கத்தைக் குறித்து வையுங்கள். அடி தொடருமென்றால், விவாகரத்துவரை காத்திருக்கவும் வேண்டியதில்லை. 2005 ஆம் ஆண்டின் வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம்.

இனி அந்தக் கடிதத்தில் எனக்குப் பயமான வரி. 'மனம் ஒத்துப் பிரிகிறோம்' என்பதுதான். 1999 ஆம் ஆண்டின் தாபரிப்புச் சட்டப்படி, இருவரும் சம்மதித்துப் பிரிந்து வாழ்ந்தால் மனைவிக்குத் தாபரிப்பு, அதாவது கணவன் கட்டவேண்டிய வாழ்க்கைச் செலவுப் பணம், இல்லை. அடி தாங்காமல் ஓடிவந்தவர், "சரி, பிரச்சினை முடிஞ்சால் காணும்" என்று கையெழுத்து வைக்கிறார். பிறகு தாபரிப்பு வழக்குப் போடும்போது எதிர்த்தரப்புச் சட்டத்தரணி முதலில் நீட்டுவது அந்த ஒற்றையைத்தான். அது மெய்யான சம்மதம் இல்லை என்று நாங்கள் ஒவ்வொரு தவணையிலும் மாரடிக்க வேண்டும். பிள்ளையின் விசயம் வேறு. 'பிள்ளைச் செலவு கேட்க மாட்டேன்' என்று தாய் எழுதிக் கொடுத்தாலும் பிள்ளையின் உரிமை போகாது. கலியாணம் பதிவில்லாவிட்டாலும் போகாது.

பதிவைப் பற்றியும் ஒன்று. ஆள்சேர்ப்புக்குப் பயந்து சண்டைக் காலத்தில் அவசரமாகத் தாலி கட்டிப் பதியாமல் விட்ட கலியாணங்கள் இங்கே நிறைய. "பதிவில்லைத்தானே, விட்டிட்டு வேறை முடிக்கலாம்" என்று நினைக்காதீர்கள். வழக்கப்படி சடங்கு நடந்த கலியாணம் பதிவில்லாமலும் செல்லும். முதல் கலியாணம் இருக்கும்போது இரண்டாவது செல்லாது. அது ஏழு வருசம்வரை மறியல் கிடைக்கக்கூடிய குற்றமும்கூட. விவாகரத்து வழக்கில் வென்றவர்களுக்கும் இது பொருந்தும். முதலில் வருவது நைசைத் தீர்ப்பு, அதாவது இன்னும் முடிவாகாத இடைக்காலத் தீர்ப்பு. ஆகக் குறைந்தது மூன்று மாதம் போய், அது முடிந்த தீர்ப்பாக்கப்பட்ட பிறகுதான் மறுமணம்.

காணிக்கு வழி இருந்தது. தேசவழமைக்கு, அதாவது வடபகுதித் தமிழரின் வழமைச் சட்டத்துக்கு, உட்பட்ட பெண் தன் சொந்தக் காணியை விற்கவும் கணவனின் எழுத்துச் சம்மதம் வேண்டும் என்பது 1911 ஆம் ஆண்டுச் சட்டம். நூறு வருசத்துக்கு மேலாகியும் அதை இன்னும் கட்டிக்கொண்டு மாரடிக்கிறோமே என்ற கோபம் எனக்கு உண்டு. ஆனால் கணவன் கைவிட்டிருந்தால், ஆள் எங்கே என்று தெரியாவிட்டால், நியாயமில்லாமல் மறித்தால், மாவட்ட நீதிமன்றம் அவருடைய இடத்தில் நின்று அனுமதி தரலாம். அந்த மனுவையும் விவாகரத்து வழக்கையும் போடுவதென்று பேசி முடித்தோம். காசில்லை என்று தயங்கினார். வருமானம் குறைந்தவர்களுக்குச் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது, கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் போய்க் கேட்கலாம் என்றேன்.

எழும்பும்போது, "அப்ப இதைக் கிழிச்சு எறியட்டோ மிஸ்?" என்று ஒற்றையைக் கையில் எடுத்தார். வாங்கிக் கோவைக்குள் வைத்தேன். இதன் இன்னொரு பிரதி கணவரிடமும் இருக்கும், அவர் நீட்டுமுன் நாங்கள் ஒரு வரி விடாமல் படித்திருக்க வேண்டும்.