மூட்டைக் கரைப்பது மூட்டின் செல்களே

முட்டி வலி என்றதும் "ஜவ்வு தேஞ்சு போச்சு" என்று சொல்லி முடித்துவிடுகிறோம். எலும்போடு எலும்பு உராய்கிறது, வயதானால் இப்படித்தான் என்ற எண்ணம் நம்மிடம் அவ்வளவு ஆழமாகப் பதிந்திருக்கிறது. வெறும் உராய்வுதான் காரணம் என்றால், நிறைய ஓடுகிற எல்லோருக்கும் மூட்டு சீக்கிரம் கெட்டிருக்க வேண்டும். 2017-இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். போட்டிக்கென்று இல்லாமல் சும்மா ஓடுபவர்களில் 3.5 சதவீதம் பேருக்கே இடுப்பிலோ முழங்காலிலோ ஆஸ்டியோஆர்த்ரைட்டிஸ், அதாவது நாம் மூட்டுத் தேய்மானம் என்று சொல்லும் நோய், இருந்தது. ஓடாதவர்களிடம் அது 10.2 சதவீதம், போட்டி ஓட்டக்காரர்களிடம் 13.3 சதவீதம். ஓடுகிறவர்கள் பொதுவாக ஒல்லியானவர்கள் என்பதால் இந்த வித்தியாசம் முழுவதும் ஓட்டத்தால் வந்தது என்று சொல்ல முடியாது. ஆனால் வெறும் தேய்மானக் கணக்கு இங்கே உதைக்கிறது. அப்புறம், உடம்பின் பாரத்தைச் சுமக்காத கைவிரல் மூட்டுகளிலும் பருமனானவர்களுக்கு இந்த நோய் கூடுதலாக வருகிறது. அதை எந்த உராய்வால் விளக்குவது?

நாம் ஜவ்வு என்று சொல்வது எலும்பு முனைகளை மூடியிருக்கும் குருத்தெலும்பைத்தான். அதைக் கொஞ்சம் கிட்டப்போய்ப் பார்ப்போம். சில மில்லிமீட்டர் தடிமன்தான். அதில் ரத்தக்குழாய் கிடையாது, நரம்பும் கிடையாது. எடையில் பெரும்பகுதி, ஏறக்குறைய 70 சதவீதம், தண்ணீர். மீதியில் முக்கியமானவை இரண்டு. ஒன்று கொலாஜன் என்ற புரத இழைகளால் ஆன வலை. இன்னொன்று அந்த வலைக்குள் சிக்கியிருக்கும் அக்ரிகன் என்ற பெரிய மூலக்கூறு. அக்ரிகன் முழுக்க எதிர்மின்னூட்டம் இருப்பதால் அது சோடியத்தை இழுக்கிறது, சோடியத்தின் பின்னாலேயே தண்ணீரும் வருகிறது. குருத்தெலும்பு உப்பப் பார்க்கிறது, கொலாஜன் வலை விடாமல் இறுக்கிப் பிடிக்கிறது. தண்ணீரில் ஊறிய பஞ்சை வலைப்பைக்குள் திணித்து இறுகக் கட்டியதுபோல, இந்த இழுபறியில்தான் அதன் விறைப்பு இருக்கிறது. நாம் எழுந்து நிற்கும்போது பாரத்தில் பெரும்பங்கைத் தாங்குவது உள்ளே அடைபட்ட தண்ணீரின் அழுத்தம்.

இதையெல்லாம் பராமரிக்க கான்ட்ரோசைட் என்ற ஒரே வகைச் செல்தான் உண்டு. கன அளவில் அவை மிகச் சொற்பம், ஒன்றிலிருந்து ஐந்து சதவீதத்துக்குள். ரத்தம் எட்டாத இடம் என்பதால், மூட்டுத் திரவத்திலிருந்து கசிந்து வருவதே அவற்றுக்குச் சாப்பாடு. நடக்கும்போது குருத்தெலும்பு அமுங்கி விரிவது இந்தப் போக்குவரத்துக்குக் கை கொடுக்கிறது. அசையாமல் கிடக்கும் மூட்டில் குருத்தெலும்பு மெலிந்துபோவதும் தெரிந்த விஷயம்தான்.

என்னை அசரவைத்தது கொலாஜனின் வயது. 1950களிலும் 60களிலும் நடந்த அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் கார்பன்-14 என்ற கதிரியக்கக் கார்பன் திடீரென எகிறியது, பிறகு மெல்ல இறங்கியது. அந்தந்த ஆண்டில் உருவாகும் திசுவிலும் அதே அளவு பதிந்துவிடும். அதை வைத்து ஒரு திசு எந்த ஆண்டுகளில் உருவானது என்று கணிக்கலாம். டென்மார்க் ஆய்வாளர்கள் முழங்கால் குருத்தெலும்பை இப்படிச் சோதித்து 2016-இல் முடிவை வெளியிட்டார்கள். வளரும் வயதில் உருவான கொலாஜன்தான் பெரியவர்களிடமும் அப்படியே இருந்தது. பிறகு அது புதுப்பிக்கப்படவே இல்லை எனலாம். நோய் வந்த மூட்டிலும் இதே கதை. அக்ரிகன் போனால் செல்கள் திரும்பவும் செய்துகொள்ளும். வலை அறுந்தால் அதைப் பழையபடி பின்ன ஆள் இல்லை.

சரி, வலையை அறுப்பது யார்? அங்கே குடியிருக்கும் செல்களேதான். அடிபட்டாலோ, மூட்டின் மேல் பாரம் கோணலாக விழுந்தாலோ, முதுமையில் செல்கள் தளர்ந்தாலோ அவற்றின் நடத்தை மாறுகிறது. முதலில் கொத்துக்கொத்தாகப் பெருகி, கூடுதலாக அக்ரிகன் செய்து, சேதத்தைச் சரிக்கட்டப் பார்க்கின்றன. கூடவே அடாம்ட்ஸ்-5, எம்.எம்.பி-13 போன்ற நொதிகளையும் அதிகமாகச் சுரக்கின்றன. முதலாவது அக்ரிகனை வெட்டும், இரண்டாவது கொலாஜனை. ஆரம்ப கட்டத்தில் குருத்தெலும்பு மெலிவதற்குப் பதிலாக அதில் தண்ணீர் கூடுகிறது. பிடித்திருந்த வலை தளர்ந்துவிட்டதே காரணம். வீங்கி மெத்தென்று ஆன பரப்பில் வெடிப்பு விடுவது அதற்குப் பிறகுதான்.

உதிர்ந்த துணுக்குகள் மூட்டுத் திரவத்தில் மிதந்து, மூட்டு உறையிலுள்ள நோய்த்தடுப்புச் செல்களை உசுப்புகின்றன. அவை இன்டர்லூகின்-1 போன்ற அழற்சிச் செய்திகளை அனுப்ப, கான்ட்ரோசைட்டுகள் இன்னும் நொதி சுரக்கின்றன. அடியிலுள்ள எலும்பும் சும்மா இருப்பதில்லை. அது தடிக்கிறது, ஓரங்களில் முள்ளாக நீட்டிக்கொண்டு வளர்கிறது. தேய்கிற பொருளில் புதிதாக எலும்பு முளைக்குமா? பழுதுபார்க்கும் வேலை தடம் மாறிப்போனதன் அடையாளம் அது.

குருத்தெலும்பில் நரம்பே இல்லையென்றால் வலி எங்கிருந்து? மூட்டு உறையிலிருந்தும் எலும்பிலிருந்தும். எக்ஸ்-ரேயில் மோசமாகத் தெரியும் மூட்டு அதிகம் வலிக்காமல் இருப்பதும், லேசாகத் தெரிவது உயிரை எடுப்பதும் பெரிதும் இதனால்தான். நோய் முற்றும்போது எலும்பிலிருந்து புது ரத்தக்குழாய்களும் நரம்புகளும் குருத்தெலும்புக்குள்ளேயே புகுந்துவிடுகின்றன.

யாருக்கு வரும் என்பதில் மரபணுவுக்குப் பெரிய பங்கு உண்டு. மாதவிடாய் நின்ற பெண்களிடம் கூடுதலாகக் காண்கிறோம். முழங்காலின் முன் சிலுவைத் தசைநார் (ஏ.சி.எல்.) கிழிந்தவர்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு 10 முதல் 20 ஆண்டுகளுக்குள் வருகிறது, அதாவது இளவயதிலேயே. கொழுப்புத் திசு பாரத்தை ஏற்றுவதோடு, லெப்டின் போன்ற பொருள்களைச் சுரந்து அழற்சியையும் வளர்க்கிறது. விரல் மூட்டுப் புதிருக்கு இதுவே பெரும்பகுதி விடை என்று கருதப்படுகிறது.

2005-இல் அடாம்ட்ஸ்-5 நொதி செயல்படாத எலிகளின் குருத்தெலும்பு பெரும்பாலும் தப்பித்ததைக் கண்டபோது பெரிய நம்பிக்கை பிறந்தது. ஆனால் அந்த நொதியைத் தடுக்கும் மாத்திரை 2020-இல் மனிதரிடம் குருத்தெலும்பு இழப்பைக் குறைக்கவில்லை. முற்றிய பிறகு மருந்து தொடங்கியது காரணமாக இருக்கலாம். ஒரே நொதியை அடக்கினால் போதாது என்பதும் இருக்கலாம். எடை விஷயத்தில் கணக்கு தெளிவாக இருக்கிறது. பருமனான முதியவர்களிடம் அளந்தபோது, ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வோர் அடி எடுத்து வைக்கும்போதும் முழங்காலில் விழும் பாரம் சுமார் நான்கு கிலோ குறைந்தது.