இடது கால் இன்னும் கிளட்ச்சைத் தேடுகிறது

காரின் மிதிகள், திரை, ஒலி எல்லாம் ஓட்டுபவருக்குச் சரியாகப் புரிகிறதா என்று பார்த்து வடிவமைப்பது என் வேலை. எலெக்ட்ரிக் கார் என்றதும் எல்லோரும் சார்ஜ் பற்றித்தான் கேட்கிறார்கள். புதிதாக மாறியவரோடு பக்கத்து சீட்டில் உட்கார்ந்து போனால், சிக்கல் கால் பழக்கத்தில் இருப்பது தெரியும்.

நம்மில் பலர் கியர் வண்டியில் பழகியவர்கள். ஆட்டோமேட்டிக் ஓட்டாமல் நேராக எலெக்ட்ரிக்குக்கு வந்தால், பதற்றத்தில் இடது கால் கிளட்ச் என்று நினைத்து பிரேக்கை அழுத்திவிடும். முதல் வாரம் இடது காலைப் பின்னுக்கு இழுத்து வைத்தே ஓட்டுங்கள்.

அப்புறம் சத்தம். பட்டனை அழுத்தினால் இன்ஜின் உறுமாது. ‘ரெடி’ என்ற சிறு விளக்கு மட்டும் எரியும். கார் அணைந்துவிட்டது என்று நினைத்து டிரைவ் நிலையிலேயே இறங்கப் பார்ப்பவர்கள் உண்டு. கதவு திறந்தால் தானாகப் பார்க்கிங் நிலைக்கு மாறும் வசதி எல்லா மாடலிலும் இருக்க வேண்டும். விலை கூடிய மாடலுக்கு மட்டும் என்று ஒதுக்குவது தவறு.

இருப்பதிலேயே பெரிய மாற்றம் ரீஜென் எனப்படும் ரீஜெனரேட்டிவ் பிரேக்கிங். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் மோட்டாரே ஜெனரேட்டராகி, வண்டியின் வேகத்தை மின்சாரமாக்கி பேட்டரிக்கு அனுப்பும். பிரேக் போட்டதுபோல் கார் பிடித்து இழுக்கும். நிஸான் 2017-ல் புதிய லீஃப் காரோடு அறிமுகப்படுத்திய இ-பெடலில், காலை எடுத்தாலே கார் முழுதாக நின்றுவிடும். ஸ்ரீபெரும்புதூரில் தயாராகும் கிரெட்டா எலெக்ட்ரிக்கிலும் இதே போன்ற ஐ-பெடல் இருக்கிறது. பழகிவிட்டால் கிண்டி நெரிசலில் கால் வலி மிச்சம். பழகும்வரை பின்சீட்டில் இருப்பவருக்குக் குமட்டும். அதனால் ரீஜெனைக் குறைந்த நிலையில் தொடங்கி மெதுவாகக் கூட்டுவதே நல்லது.

பலருக்குத் தெரியாத ஒன்று: பேட்டரி முழுக்க நிரம்பியிருந்தால் அந்த மின்சாரம் போய்ச் சேர இடம் இருக்காது, ரீஜென் குறைந்துவிடும். ஏற்காட்டில் இரவு முழுக்க சார்ஜ் போட்டுவிட்டுக் காலையில் கொண்டை ஊசி வளைவுகளில் இறங்குகிறீர்கள். நேற்று ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் வேகம் குறைந்த கார், இன்று அப்படியே உருண்டு போகும். சில கார்கள் அந்தக் குறையைச் சாதாரண பிரேக்கால் தாமே ஈடுகட்டுகின்றன. எல்லாக் கார்களும் அப்படியில்லை. மலை இறங்கும் நாளில் 80 சதவீதத்தோடு சார்ஜை நிறுத்திக்கொள்ளுங்கள், கால் பிரேக் அருகிலேயே இருக்கட்டும். ‘இன்று ரீஜென் குறைவு’ என்று கார் கிளம்பும் முன்பே சொல்ல வேண்டும். வளைவில் திரும்பிக்கொண்டிருப்பவர் திரையில் மின்னும் சிறு குறியைப் பார்க்க மாட்டார்.

ஒரே காரை வீட்டில் பலர் ஓட்டுவதையும் வடிவமைப்பாளர்கள் மறந்துவிடுகிறார்கள். மகள் அதிக ரீஜெனில் ஓட்டிவிட்டு நிறுத்திய காரை மறுநாள் அப்பா எடுக்கிறார். ஓட்டுபவர் யார் என்று பார்த்து கார் அவருடைய அமைப்புக்கு மாற வேண்டும். அது முடியாவிட்டால், இப்போது எந்த நிலையில் இருக்கிறது என்பதையாவது கிளம்பும் முன் பெரிய எழுத்தில், தமிழிலும், காட்ட வேண்டும்.