கட்டி ஒடுக்கி: சொல்லும் வேலையும்

டியூமர் சப்ரெஸர் புரோட்டீன் என்பதைத் தமிழில் கட்டி ஒடுக்கிப் புரதம் எனலாம். பெயரைக் கேட்டால், எங்கோ வளர்ந்து நிற்கும் கட்டியைத் தேடிப்போய் நசுக்குகிற ஏதோ ஒன்று போலத் தோன்றும். அப்படி இல்லை. கட்டியே இல்லாத உடலிலும் இந்தப் புரதங்களுக்கு வேலை உண்டு.

டியூமர் லத்தீன் சொல். வீங்குதல் என்ற பொருளுடைய வினையிலிருந்து வந்தது. சப்ரெஸ் என்பதும் லத்தீன்தான்: கீழே அழுத்துதல். 1969இல் செல் உயிரியலாளர் ஹென்றி ஹாரிஸும் உடன் பணியாற்றியவர்களும் புற்றுச் செல்லையும் புற்றில்லாத செல்லையும் ஒன்றாக இணைத்துப் பார்த்தார்கள். அந்தக் கலப்புச் செல்லில் கட்டியை உண்டாக்கும் குணம் அடங்கிப்போனது. ஆக, நல்ல செல்லில் எதுவோ ஒன்று அதை அழுத்தி வைத்திருக்கிறது என்று தெரிந்தது. அது இல்லாதபோது என்ன ஆகிறது என்பதை வைத்துத்தான் பெயர் அமைந்தது. இருக்கும்போது அன்றாடம் என்ன செய்கிறது என்பது பெயரில் இல்லை.

இவற்றுள் பிரபலமானது பி53. 1979இல் கண்டறியப்பட்டது. 53 என்பது சோதனைக்கூடத்தில் அளந்த எடை, 53 கிலோடால்டன் (மூலக்கூறுகளின் எடையை அளக்கும் அலகு). உண்மை எடை 44ஐ ஒட்டித்தான் வரும், ஆனாலும் பெயர் நிலைத்துவிட்டது. அதைவிட வேடிக்கை, முதல் பத்தாண்டுகள் இதைப் புற்றைத் தூண்டும் புரதம் என்றே நினைத்தார்கள். 1989இல்தான் கதை தலைகீழானது.

சரி, அன்றாட வேலை என்ன? பல வேலைகள், அவற்றில் ஒன்று, சத்து குறையும்போது செல்லைச் சிக்கனத்துக்குப் பழக்குவது. குளுக்கோஸுக்குத் தட்டுப்பாடு வந்தால் செல்லின் ஆற்றல் நாணயமான ஏடிபி குறையும். உடனே ஏஎம்பிகே என்ற நொதி விழித்துக்கொள்ளும். அதை முடுக்கிவிடும் எல்கேபி1 தானும் ஒரு கட்டி ஒடுக்கிதான். கொழுப்பு கட்டுவது, புரதம் கட்டுவது போன்ற செலவுகளை ஏஎம்பிகே நிறுத்துகிறது. பழைய பாகங்களைச் செரித்து மறுபடி பயன்படுத்தும் தன்விழுங்கலைத் தொடங்கிவைக்கிறது. பி53க்கும் சேதி போகிறது. பி53 செல் பிரிவதைத் தற்காலிகமாக நிறுத்துகிறது.

செரைன் என்ற அமினோ அமிலத்தை வைத்து 2013இல் வெளியான ஆய்வு இதை இன்னும் தெளிவாக்கியது. செரைன் கிடைக்காதபோது, பி53 உள்ள செல்கள் பி21 என்ற புரதத்தின் வழியாகப் பிரிவதை நிறுத்தின. டிஎன்ஏவுக்கான மூலப்பொருள் செய்வதைக் குறைத்து, மிச்சமிருந்த செரைனைக் குளுட்டாதையோன் செய்யத் திருப்பின. ஆக்ஸிஜனேற்றச் சேதத்திலிருந்து செல்லைக் காப்பவற்றில் ஒன்று குளுட்டாதையோன். பி53 இழந்த புற்றுச் செல்களுக்கு இந்த நிதானம் இல்லை. அவற்றில் பிழைத்தவை குறைவு.

இதில் ஒரு சிக்கலும் உண்டு. செல் பிழைக்க உதவும் புரதம், பி53 கெடாத புற்றுச் செல்லையும் பஞ்சத்தில் பிழைக்க வைத்துவிடலாம். எனவே ஒடுக்கி என்ற பெயரைப் பார்த்து எப்போதும் புற்றுக்குப் பகை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

இனித் தமிழ்ச் சொல்லுக்கு வருவோம். கெட்டியாகத் திரண்டது எதுவும் நமக்குக் கட்டிதான்: பனிக்கட்டி, மண்ணாங்கட்டி, சீழ்க்கட்டி. டியூமருக்கு அது கொஞ்சம் அகலமான சொல். கழலை இன்னும் துல்லியம், ஆனால் இன்று அதைக் கேட்டவுடன் பலருக்குக் கழுத்து வீக்கமே நினைவுக்கு வரும். புற்று என்று போட்டால் புற்றல்லாத சாதாரணக் கட்டிகள் விடுபட்டுப்போகும். அதனால் கட்டியே இருக்கட்டும்.

அடக்கியா, ஒடுக்கியா? என் ஓட்டு ஒடுக்கிக்கு. ஒடுங்குதல் என்றால் அடங்குவது மட்டுமல்ல, சுருங்கிக்கொள்வதும்தான். பஞ்சத்தில் பி53 செல்லைச் செய்யவைப்பது அதையே. வேதியியல் பாடத்தில் ஆக்ஸிஜனேற்றத்துக்கு எதிரான வினையைச் செய்வதற்கும் ஒடுக்கி என்றுதான் பெயர். குளுட்டாதையோன் அந்த வகை. ஆகவே இந்தத் துறையில் ஒடுக்கி என்று தனியாக எழுதினால் குழப்பம் வரும். மரபணுவானால் கட்டி ஒடுக்கி மரபணு, புரதமானால் கட்டி ஒடுக்கிப் புரதம் என்று முழுதாகவே எழுதலாம். கட்டி எதிர்ப்புப் புரதம் மட்டும் வேண்டாம், மருந்தின் பெயர் போல இருக்கிறது.